பொங்கலன்று பேசியது யார்

ஜனவரி 9, வியாழன்

இன்று இரண்டாம் ஆண்டுப் பெண்களுக்கு வலி மருந்துகள் பாடம். அறுபது பேரில் நாற்பது பேர் தூங்கினார்கள், பாக்கி இருபது பேர் தூங்குவதை மறைத்தார்கள். பதினெட்டு வருடமாக இந்த நர்சிங் கல்லூரியில் மருந்தியல் நடத்துகிறேன். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு மருந்தியல் வகுப்பு போட்டவன் யார் என்று மட்டும் இன்றுவரை கண்டுபிடிக்க முடியவில்லை.

போர்டில் மார்ஃபின் என்று எழுதி, அதற்குக் கீழே பென்டாசோசின் என்று எழுதினேன். முதலாவது அபினிச் செடியிலிருந்து வருவது. இரண்டாவது முழுக்க முழுக்க ஆய்வகத்தில் செய்தது, ஊசியாகப் போடுவது. வலியைக் குறைக்கும், சிலருக்கு இல்லாத ஆளையும் காட்டும். முன் பெஞ்சில் ஒருத்தி மட்டும் எழுந்து, வலிக்குப் போடும் மருந்து எதற்கு மிஸ் ஆளைக் காட்ட வேண்டும் என்று கேட்டாள். சந்தோஷமாக இருந்தது. மூளையில் இந்த மருந்துகள் போய் உட்காரும் இடங்களில் மியூ என்று ஒன்று, கப்பா என்று ஒன்று. மார்ஃபினுக்குப் பெரும்பாலும் மியூ போதும். பென்டாசோசின் கப்பாவிலும் போய் உட்காரும், அங்கே உட்கார்ந்தால் மனசு கலங்கும், கண்ணுக்கும் காதுக்கும் என்னென்னவோ தோன்றும் என்று சொன்னேன். மார்ஃபின் சாப்பிடும் நோயாளிக்கு இதைப் போடக் கூடாது என்று சிவப்பு சாக்பீஸால் எழுதி அடிக்கோடு போட்டேன். வருடா வருடம் பரீட்சையில் வருகிற கேள்வி.

வீட்டுக்கு வந்தால் அக்கா முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிப் படுத்திருந்தாள். நான் இந்த வீட்டுக்குக் குடிவந்து இரண்டு மாதமாகிறது. அவளுக்கு மார்பில் வந்த புற்றுநோய் முதுகெலும்புக்குப் போய்விட்டது. இருபது மில்லிகிராம் மார்ஃபின் மாத்திரை நான்கு மணி நேரத்துக்கு ஒன்று. அது இருக்கிறவரை செண்பகவல்லி டீச்சர் பழைய தலைமையாசிரியைதான். பேப்பரில் தப்புக் கண்டுபிடிப்பாள், சாம்பாரில் தப்புக் கண்டுபிடிப்பாள், என்னிடம் கண்டுபிடிப்பதற்குக் கேட்கவே வேண்டாம். கல்யாணம் செய்துகொள்ளாதவளுக்கு வேலை ஒழுங்காக வரும் என்று நினைத்தாளாம், அதுவும் வரவில்லையாம்.

நாளை வெள்ளி. மாத்திரை வாங்கும் நாள்.

ஜனவரி 10, வெள்ளி

வாங்கவில்லை. பிராக்டிகல் பரீட்சை. வெளியூரிலிருந்து வர வேண்டிய எக்ஸாமினர் பதினொன்றரைக்கு வந்து, வந்ததும் டிபன் எங்கே என்று கேட்டார். நான் வெளியே வந்தபோது மணி நாலு. வலி கிளினிக் வெள்ளிக்கிழமை ஒரு மணியோடு சரி. மார்ஃபின் மெடிக்கல் கடையில் கேட்டவுடன் கிடைக்கிற சரக்கும் இல்லை. கொஞ்சம் மாத்திரை உபரி இருக்கிறது. திங்களன்று போய் எப்படியாவது வாங்கிவிட வேண்டும்.

ஜனவரி 12, ஞாயிறு

மாத்திரை டப்பாவைத் திறந்து திறந்து மூடுகிறேன். காலையிலிருந்து ஆறு மணி நேரத்துக்கு ஒன்றாக்கிவிட்டேன். அக்காவிடம் சொல்லவில்லை. அவள் கடிகாரத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். கணக்கு டீச்சரிடம் மணியை ஏமாற்ற முடியாது என்பது எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

வீட்டு வேலைக்கு வரும் பேச்சியம்மாள் பரணிலிருந்து பாத்திரங்களை இறக்கினாள். நான் ஒட்டடை அடித்தேன். அடித்த இடத்தையே திரும்ப அடித்ததாகப் பேச்சி சொல்கிறாள்.

பதினோரு மணிக்கு வேணி புனேயிலிருந்து கூப்பிட்டாள். அக்காவின் ஒரே மகள். ஏழு வருடத்துக்கு முன்பு, கூட வேலை பார்த்தவரைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டாள். அவர் மனைவியை விவாகரத்து செய்தவர், ஒரு பெண் குழந்தை உண்டு. கல்யாணம் முடிந்து ஒரு வாரம் கழித்துத்தான் அம்மாவிடம் சொன்னாள். எனக்குப் பிள்ளை இல்லை என்று அக்கா போனை வைத்தவள்தான். அதற்குப் பிறகு அந்தப் பேரை இந்த வீட்டில் யாரும் எடுப்பதில்லை. ஞாயிற்றுக்கிழமை தோறும் நான் போனை எடுத்துக்கொண்டு கொல்லைப்பக்கம் போவதை அக்கா ஒருநாளும் கேட்டதில்லை. அம்மா என்னைப் பற்றிக் கேட்டாளா சித்தி என்று வேணி கேட்பாள். நான் இல்லை என்பேன். இன்றும் அதேதான். வரட்டுமா என்று கேட்டாள். அவள் வாயால் வரச் சொன்னால் வா, இல்லாவிட்டால் உன்னை வாசலில் நிற்க வைத்து அனுப்பிவிடுவாள், அதை என்னால் பார்க்க முடியாது என்றேன்.

மூன்று மாதம் என்று டாக்டர் சொல்லி இரண்டு மாதம் ஓடிவிட்டது. அதை வேணியிடம் சொல்லியிருக்கிறேன். அக்காவிடம் யாரும் சொல்லவில்லை, அவளே கூட்டிக் கழித்துப் போட்டிருப்பாள்.

ஜனவரி 13, திங்கள், போகி

கிளினிக் பூட்டியிருந்தது. இருபதாம் தேதி திறப்பு என்று வாசலில் அட்டை. கிளினிக் டாக்டர் நெல்சனின் நம்பர் என் போனில் இருக்கிறது. பண்டிகைக்குச் சொந்த ஊருக்குப் போயிருப்பார், வெள்ளிக்கிழமை வராமல் விட்டது என் தப்பு, இதற்குப் போய் அவரைத் தொந்தரவு செய்ய வேண்டாம் என்று நினைத்தேன். உண்மையைச் சொன்னால், என்ன மிஸ் நீங்களே இப்படி என்று அவர் கேட்பாரே என்று கூச்சமாக இருந்தது.

என் பழைய மாணவி ஒருத்தி பக்கத்துத் தெரு நர்சிங் ஹோமில் இருக்கிறாள். அவளைப் பார்த்துவிட்டு வந்தேன்.

டப்பாவில் மூன்று மாத்திரை.

ஜனவரி 14, செவ்வாய், பொங்கல்

பால் பொங்கியது. அக்காவுக்குக் காய்ச்சல், கொஞ்சம் உளறினாள். பொங்கலும் அதுவுமாக இரண்டு தடவை வீடு கூட்டியவள் இந்தப் பாளையங்கோட்டையில் நான் ஒருத்திதான்.

ஜனவரி 15, புதன்

நேற்று நடந்ததை எழுதிவிட வேண்டும், இல்லாவிட்டால் உட்கார முடியவில்லை.

காலை பத்து மணிக்கு மேல் அக்காவுக்கு வியர்த்துக் கொட்டியது. கொட்டாவி மேல் கொட்டாவி. மூக்கு ஒழுகியது, கையில் மயிர்க்கால் எல்லாம் குத்திட்டு நின்றது. காலை நீட்டுவாள், மடக்குவாள், எழுந்து உட்காருவாள், படுப்பாள். வலி குறையவே இல்லை, கூடிவிட்டது. நான் போர்வையைப் போர்த்துவதும் எடுப்பதுமாக இருந்தேன். பதினொன்றரை வாக்கில் சத்தம் அடங்கியது. சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். வாசலில் போட்ட கோலம் இங்கே எப்படி ஏறிவந்தது, இழையெல்லாம் நகர்கிறதே என்றாள். பிறகு பீரோவின் உச்சியைப் பார்த்துச் சிரித்தாள். அக்கா சிரித்து நான் பார்த்து எத்தனை வருடம்.

"ஏளா வேணி, அங்கன போயி ஏன் ஏறி உக்காந்திருக்க? எறங்கு, விழுந்துருவ. வா, வந்து சாப்பிடு."

பேச்சி கையிலிருந்த கரும்பைக் கீழே போட்டுவிட்டாள். சரியாக அந்த நேரத்துக்கு என் போன் அடித்தது. பண்டிகை வாழ்த்துச் சொல்ல வேணி கூப்பிடுகிறாள். நான் கொல்லைப்பக்கம் போகவில்லை. போனை அக்கா வாய்க்குப் பக்கத்தில் பிடித்தேன்.

ஏன் பிடித்தேன் என்று நேற்றிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

அக்கா பீரோவைப் பார்த்துப் பேசியதெல்லாம் புனேக்குப் போனது. வா, ஆறிப்போகும், எத்தனை நேரம் அங்கேயே உட்கார்ந்திருப்பாய் என்று மூன்று நான்கு முறை சொன்னாள். அந்தப் பக்கம் வேணி அழுகிற சத்தம் கேட்டது. நான் பேசுவதற்குள் லைன் போய்விட்டது. சாயங்காலம் மெசேஜ் வந்தது. டிக்கெட் போட்டுவிட்டாளாம். சனிக்கிழமை ரயில் ஏறுகிறாள், திங்கள் காலை இங்கே இருப்பாள்.

இன்று காலை டாக்டர் நெல்சனுக்குப் போன் செய்தேன், கூச்சமெல்லாம் போய்விட்டது. மாத்திரை தீர்ந்ததையும் சொல்லி, காய்ச்சல் வந்தது, ஆள் தெரியாமல் பேசினாள் என்றும் சொன்னேன். வேறு மருந்து ஏதாவது கொடுத்தீர்களா என்று கேட்டார். இல்லை என்றேன். அப்படியென்றால் காய்ச்சலில் உடம்பு வற்றி, உள்ளே இருந்த மார்ஃபினே தேங்கிப்போய் உளறியிருக்கலாம், ஒரு வாரத்துக்குப் பாதியாக்கிப் பார்ப்போம் என்றார். கிளினிக் ஆளை அனுப்பி ஸ்டோரைத் திறக்க வைத்து மாத்திரை எடுத்துக் கொடுத்தார். நல்ல மனிதர்.

ஜனவரி 16, வியாழன்

அக்கா தெளிவாக இருக்கிறாள். பத்து மில்லிகிராம் அவளுக்குப் போதவில்லை. கொடுத்து இரண்டு மணி நேரத்தில் முதுகைப் பிடித்துக்கொள்கிறாள்.

வேணி வருகிறாள் என்று இன்று சொன்னேன். சொல்லாமல் இருந்தால் பேச்சி சொல்லிவிடுவாள். டீச்சரம்மா மகளை நினைத்து நினைத்து அவள் உருவமே வந்து நின்றது என்று தெருவெல்லாம் கதை ஓடுகிறது.

"யாரு சொல்லி வாரா?"

"நீதான்க்கா கூப்பிட்ட. பொங்கலன்னைக்கு. போன்ல."

"நான் கூப்பிடல."

நீ கூப்பிட்டதை நானும் பேச்சியும் கேட்டோம், அவளும் கேட்டாள் என்றேன். அக்காவுக்கு ஒன்றும் நினைவில்லை. கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்தாள். பரீட்சையில் பார்த்து எழுதிய பிள்ளையை நிற்க வைத்துப் பார்க்கிற பார்வை அது. காய்ச்சலில் உளறியதைக் கணக்கில் எடுக்காதே, அவள் இந்த வாசப்படி ஏறக் கூடாது, போன் போட்டுச் சொல்லிவிடு என்றாள்.

நான் போன் போடவில்லை. துணி துவைத்தேன். மெஷின் இருக்கிறது, கையால் துவைத்தேன்.

ஜனவரி 17, வெள்ளி

காய்ச்சல் இல்லை. தெர்மாமீட்டரை நான் பொங்கலன்று தொடவே இல்லை.

ஊசி போட்டேன். பென்டாசோசின், முப்பது மில்லிகிராம். பழைய மாணவி மூன்று கண்ணாடி ஆம்பூல் கொடுத்தாள். மிஸ் கேட்டால் ஏன் எதற்கு என்று கேட்பாளா? நான் பழக்கிய பிள்ளை.

அன்று காலை இரண்டு மாத்திரைதான் பாக்கி. அக்கா தலையணையைக் கடித்துக்கொண்டிருந்தாள். நான் புத்தகத்தை எடுத்து, வலி மருந்துகளின் சமஅளவு அட்டவணையைப் பார்த்தேன். இந்த மார்ஃபினுக்கு இந்த ஊசி இவ்வளவு சமம் என்று பென்சிலால் கணக்குப் போட்டு, சரிபார்த்து, இன்னொரு தடவையும் சரிபார்த்தேன். கணக்கு சரி. படிக்காத ஒருத்தியாக இருந்தால் பயந்துபோய் டாக்டரைக் கூப்பிட்டிருப்பாள். எனக்கு அட்டவணை தெரியும், அதனால் கூப்பிடவில்லை. அதற்கு ஐந்து நாள் முன்னால் சிவப்பு சாக்பீஸால் நானே எழுதியது மட்டும் ஞாபகத்துக்கு வரவில்லை.

பென்டாசோசின் செய்கிற காரியத்தை வகுப்பில் கல்யாணப் பந்தியை வைத்துச் சொல்வேன். ஒருத்தன் உன் இலைக்கு முன்னால் வந்து உட்கார்ந்துகொள்கிறான். சாப்பிட்டும் சாப்பிடாமலும் அளைந்துகொண்டிருப்பான், எழுந்திருக்கவும் மாட்டான். நீ பசியோடு நிற்க வேண்டியதுதான். மார்ஃபின் உட்கார்ந்திருந்த இடத்தை இது பிடித்துக்கொண்டு அதை வெளியே தள்ளிவிடும், தான் மட்டும் அரைகுறையாக வேலை செய்யும். இரண்டு மாதமாக மார்ஃபினில் பழகிய உடம்புக்குத் திடீரென்று எல்லாம் பறிபோனது மாதிரி ஆகிவிடும். வியர்வை, கொட்டாவி, மயிர்க்கூச்சம், வயிற்றைப் பிசைவது, நிலைகொள்ளாமல் புரள்வது. எல்லாம் புத்தகத்தில் வரிசையாக இருக்கிறது. அந்த வரிசைப்படியே என் கண் முன்னால் நடந்தது, நான் போர்வையை இழுத்து இழுத்துப் போர்த்திக்கொண்டிருந்தேன்.

இதை எழுதிவிட்டு எழுந்து போய்க் கையைக் கழுவிவிட்டு வந்தேன். ஏனென்றால் இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது. ஒரு ஊசி இல்லை, இரண்டு. முதல் ஊசிக்கு வலி கேட்கவில்லை, அளவு போதவில்லை என்று நினைத்து முக்கால் மணி நேரம் கழித்து இரண்டாவதையும் போட்டேன். அதற்குப் பிறகுதான் பீரோ மேல் வேணி வந்து உட்கார்ந்தாள்.

ஜனவரி 18, சனி

வேணி ரயில் ஏறிவிட்டாள். அம்மாவுக்கு என்ன வாங்கி வரட்டும் என்று மெசேஜ். பதில் போடவில்லை.

அக்கா பாதி மாத்திரையில் கிடக்கிறாள். நான் டாக்டரிடம் சொன்ன பொய்யால்தான் பாதி. ஒரு போன் செய்து உண்மையைச் சொன்னால் இன்றே முழு மாத்திரை கொடுத்துவிடலாம். காலையிலிருந்து மூன்று தடவை போனை எடுத்தேன். மூன்று தடவையும் அரிசி களைய, பூ வாங்க, தண்ணீர் மோட்டாரைப் போட என்று வேலை வந்துவிட்டது.

பேச்சி பாத்திரம் விளக்கிக்கொண்டே சொன்னாள். "திங்கக்கெழமை அம்மாவுக்கு அந்தக் காச்சல் ஒருவாட்டி வந்துட்டா நல்லாருக்கும் சின்ன டீச்சர். மக வந்து நிக்கும்போது வான்னு சொல்லிருவாகல்லா."

நான் வெடுக்கென்று ஏதோ சொல்லி அவள் வாயை அடைத்தேன். பாவம், அவள் என்ன கண்டாள். என் கைப்பையில் மூன்றாவது ஆம்பூல் இருக்கிறது.

அதை எடுத்து ஃபிரிட்ஜில் வைத்தேன். ஃபிரிட்ஜில் வைக்க வேண்டிய மருந்து இல்லை. எடுத்துப் பீரோவில் வைத்தேன். மறுபடி கைப்பைக்கே வந்துவிட்டது. திங்கள் காலை ரயில் ஏழரைக்கு வருகிறது. ஆறு மணி மாத்திரையைக் கொடுக்காமல் ஏழு மணிக்கு ஊசி என்றால், எட்டு மணிக்கு வேணி வாசலில் நிற்கும்போது அக்கா சிரிப்பாள், வா சாப்பிடு என்பாள். அரை மணி நேரம் போதும். அந்தப் பெண் ஏழு வருடமாக இந்த ஒரு வார்த்தைக்காகக் காத்திருக்கிறாள். அக்கா பட வேண்டிய பாடு ஒருநாள் பாடு. இப்படியெல்லாம் எழுதுகிறவள் யார் என்று எனக்கே தெரியவில்லை. மணிக்கணக்கு மட்டும் இந்தத் தடவையும் சரியாகப் போட்டிருக்கிறேன்.

ஜனவரி 19, ஞாயிறு

காலை எட்டு மணிக்கு அக்கா துண்டைச் சுருட்டி வாயில் வைத்துக் கடித்துக்கொண்டிருந்தாள். நான் உள்ளே வந்ததும் துண்டை எடுத்துவிட்டு, காபியில் சர்க்கரை கூடிவிட்டது என்றாள். அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது. கொல்லைப்பக்கம் போய் டாக்டருக்குப் போன் செய்தேன்.

எல்லாவற்றையும் சொன்னேன். "பாடம் நடத்துறவங்க நீங்க. காய்ச்சல்னு சொன்னீங்க, அத நம்பித்தான மிஸ் பாதியாக்கினேன்?" என்றார். பழைய அளவுக்கு எப்படிப் போவது, எதையெல்லாம் கவனிப்பது என்று சொன்னார், நாளை மறுநாள் வந்து பார்க்கிறேன் என்றார். மிச்சம் ஆம்பூல் இருக்கிறதா என்று கேட்டார். இருக்கிறது என்றேன். நான் லைனில் இருக்கும்போதே உடைத்துக் கொட்டுங்கள் என்றார். வாஷ்பேசினில் உடைத்தேன். விரலில் லேசாகக் கிழித்துவிட்டது.

ஒன்பது மணிக்கு அக்காவுக்கு முழு மாத்திரை கொடுத்தேன். அவள் முகம் தெளியும்வரை காத்திருந்துவிட்டுச் சொன்னேன். காய்ச்சல் இல்லக்கா, நான் போட்ட ஊசி என்று. திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். என்ன மருந்து, எவ்வளவு, எத்தனை மணிக்கு, ஏன் போடக் கூடாது, தெரிந்திருந்தும் ஏன் போட்டாய் என்று வரிசையாகக் கேட்டாள். வரிசையாகப் பதில் சொன்னேன். மூன்றாவது ஆம்பூலை என்ன செய்ய இருந்தேன் என்பதையும் சொன்னேன். அதைக் கேட்டதும் கண்ணை மூடிக்கொண்டாள்.

பிறகு, "நான் என்ன பேசினேன்? ஒரு வார்த்தை விடாமச் சொல்லு" என்றாள்.

சொன்னேன். கோலம் நகர்ந்தது, பீரோ, இறங்கு விழுந்துவிடுவாய், சாப்பிட வா, ஆறிப்போகும். அக்கா பீரோவின் உச்சியைத் திரும்பிப் பார்த்தாள். அங்கே பழைய சூட்கேஸ்தான் இருக்கிறது.

"அந்த மருந்து உள்ள இல்லாததக் கொண்டாந்து போடுமா, இல்ல உள்ள கெடக்கத எடுத்து வெளிய போடுமா?"

"தெரியலக்கா. எங்கன போயி உக்காருதுன்னு தெரியும். ஏன் வேணியக் காட்டுச்சுன்னு எந்தப் புஸ்தகத்துலயும் இல்ல."

"பதினெட்டு வருசமா என்னத்தத்தான்ளா நடத்துத?"

மத்தியானம் வேணிக்குப் போன் செய்தேன். ரயில் எங்கேயோ ஆந்திராப் பக்கம் போய்க்கொண்டிருந்தது, பாதிப் பாதியாகத்தான் கேட்டது. அம்மா உன்னைக் கூப்பிட்டது மருந்தின் வேலை, போட்டது நான், போனை நீட்டியதும் நான், தெளிந்த பிறகு வரக் கூடாது என்றுதான் சொன்னாள் என்று எல்லாம் சொன்னேன். பாதித் தூரத்துக்கு மேல் வந்துவிட்டேன் சித்தி, வாசலில் நிற்க வைத்தாலும் பார்த்துவிட்டுப் போகிறேன் என்றாள்.

சாயங்காலம் விளக்கேற்றும்போது அக்கா கூப்பிட்டாள். "அவ வந்துட்டுத்தான் போகட்டும். ஆனா நாளைக்குக் காலையில அவ வாரதுக்கு முன்னாடி எனக்கு மாத்திரை தராத."

ரயில் லேட்டானால் தாங்க மாட்டாய் அக்கா என்றேன்.

"நான் என்ன சொன்னாலும் அது மருந்து சொன்னதுன்னு அவ நெனைக்கப்பிடாது. நீ நெனைக்கப்பிடாது. எனக்கே அப்பிடித் தோணப்பிடாது."

என்ன சொல்லப் போகிறாய் என்று கேட்டேன். அதை அவளிடம் சொல்லிக்கொள்கிறேன் என்றாள். வாசப்படி ஏறக் கூடாது என்று மூன்று நாளுக்கு முன்னால் சொன்ன அதே முகம்தான். வேணியை முகத்துக்கு நேராகத் தெளிவாக வெட்டிவிடப் போகிறாளோ என்று நினைத்து, விளக்கிய பாத்திரத்தையே மறுபடி விளக்கினேன். ஆம்பூலையும் உடைத்துவிட்டேன். கேவலம், இப்போதும் அது ஞாபகம் வருகிறது.

ஜனவரி 20, திங்கள்

அக்கா ஆறு மணி மாத்திரையை வாங்கிக்கொள்ளவில்லை.

தலை வாரிவிடச் சொன்னாள். கஞ்சி போட்ட பருத்திச் சேலை வேண்டும் என்றாள். படுத்துக்கொண்டு பேச மாட்டேன் என்று சொன்னதால் நானும் பேச்சியும் தூக்கி ஹாலில் கை வைத்த நாற்காலியில் உட்கார வைத்தோம், முதுகுக்கு மூன்று தலையணை. ரயில் ஏழரைக்கு வர வேண்டியது. மூன்று மணி நேரம் லேட். இந்த ஒருநாள் நேரத்துக்கு வந்தால் ரயில்வேக்கு என்ன குறைந்துவிடும்?

எட்டு மணிக்கு நெற்றியில் வியர்வை. எட்டரைக்கு மாத்திரையும் தண்ணீரும் கொண்டுபோய் நீட்டினேன், தலையாட்டினாள். ஒன்பது மணிக்குப் பதினேழாம் வாய்ப்பாட்டை வாய்க்குள் சொல்ல ஆரம்பித்தாள். அது முடிந்ததும் பத்தொன்பதாம் வாய்ப்பாடு. நடுவில் ஒரு இடத்தில் நின்றுவிட்டது, மறுபடி முதலிலிருந்து சொன்னாள். நாற்காலிக் கையைப் பிடித்திருந்த விரல்கள் வெளுத்துப் போயிருந்தன. நான் வாசலுக்கும் ஹாலுக்குமாக எத்தனை தடவை நடந்தேன் என்று தெரியாது. ஒரு இடத்தில் நில்லு, எனக்குத் தலை சுற்றுகிறது என்றாள். சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பேச்சி அடுக்களையில் அழுதுகொண்டிருந்தாள்.

பத்தேமுக்காலுக்கு ஆட்டோ வந்தது. வேணி தனியாக வந்திருந்தாள், ஒரு பை. முன்பைவிட இளைத்திருக்கிறாள், காதோரம் நரை. செருப்பைக் கழற்றிவிட்டு வாசப்படிக்கு வெளியிலேயே நின்றாள்.

"உள்ள வா. அங்கன நின்னா நான் பேசுதது கேக்காது" என்றாள் அக்கா.

வந்து நாற்காலிக்கு முன்னால் நின்றாள். உட்காரச் சொல்லவில்லை, அவளும் உட்காரவில்லை. அக்கா ஒருதரம் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு பேசினாள். நடுநடுவே வலியில் நின்றுவிடும், அது போகும்வரை காத்திருந்து விட்ட இடத்திலிருந்து தொடங்குவாள்.

"ஒன் கல்யாணத்த நான் ஸ்டாஃப் ரூம்ல பாத்தேன். நீ போன் பண்ணுததுக்கு ரெண்டு நாள் முன்னாடி. சயின்ஸ் டீச்சர் செல்லுல போட்டோவக் காட்டி, ஒங்க பொண்ணு மாதிரியே இருக்கே டீச்சர்னா. ஆமா, மாதிரிதான் இருக்குன்னு சொல்லிட்டு ஏழாங் கிளாசுக்குப் போயி பின்னக் கணக்கு நடத்துனேன். மணியடிக்குத வரைக்கும் நடத்துனேன். அவன் யாரு என்னன்னு நான் கேக்கல. மொதல்ல எங்கிட்ட நீ சொல்லல. எனக்கு அவ்வளவுதான். ஏழு வருசமா அவ்வளவுதான்."

இந்தப் போட்டோ விஷயம் எனக்கே தெரியாது. ஏழு வருடமாக யாரிடமும் சொல்லவில்லை.

"பயமா இருந்துச்சும்மா" என்றாள் வேணி.

"எங்கிட்டயா?"

"உங்கிட்டதான்."

அக்கா தலையை ஆட்டிக்கொண்டாள். விடையைச் சரிபார்த்துச் சரி என்று போடுகிற மாதிரி. அடுத்த வலி வந்தது. வேணி பதறிக் கையைப் பிடிக்கப் போனாள், அக்கா இன்னொரு கையை உயர்த்தி இரு என்று காட்டினாள். அது அடங்க ஒரு நிமிடத்துக்கு மேல் ஆனது.

"அந்தப் பிள்ளைய எங்க விட்டுட்டு வந்த?"

"அவ அப்பாகூட இருக்காம்மா. பரீட்சை நடக்கு."

"என்ன பேரு?"

"ஈரா."

"பரீட்சை முடிஞ்சதும் ரெண்டு பேரையும் வரச் சொல்லு. நான் இருக்கும்போதே வரச் சொல்லு. பேத்தி வந்திருக்கான்னு நான் நாலு பேருகிட்ட மொதல்ல சொல்லணும்."

வேணி தரையில் உட்கார்ந்து அம்மாவின் மடியில் முகத்தை வைத்துக்கொண்டாள். கஞ்சிச் சேலை நனைந்தது. அந்தப் பாரம் அக்காவுக்கு எவ்வளவு வலித்திருக்கும் என்று எனக்குத் தெரியும். தள்ளிவிடவில்லை. அவள் தலைக்கு மேலே என்னைப் பார்த்தாள்.

"கோமு, இப்ப மாத்திரையக் கொண்டா. இனிமே நான் எதையாவது பேசுனா மருந்து பேசுதுன்னு வச்சிக்கிடுங்க. இதுவரைக்கும் பேசுனது நான்."

பதினொன்று பத்துக்கு இருபது மில்லிகிராம் கொடுத்தேன். தம்ளரை வேணி பிடித்துக்கொண்டாள்.